தேவசகாயம் சார் கேட்ட பிங்க்

தோட்டம் போட்டுக் கொடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் என் வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு போனை நீட்டினீர்கள். எல்லாப் போனிலும் கிட்டத்தட்ட ஒரே படம். ஓடு வேய்ந்த சின்ன வீடு, மரக் கதவு, கதவுக்கு மேலே வளைவு, வளைவு முழுக்க பிங்க் ரோஜா. பின்னால் பனிமூட்டம். "காட்டேஜ் கார்டன் கேக்கறாங்க மேடம், ரொமான்டிக்கா இருக்கணுமாம், பூவெல்லாம் பிங்க்காம், இன்னா செடி வைக்கறது?" என்று கேட்டீர்கள். ஏலகிரியில் ரூம் போட்டால் அதுதான் நமக்குக் காட்டேஜ் என்று நான் சொல்லிச் சிரித்துவிட்டுக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். மழுப்பியதாக நினைக்க வேண்டாம். பேசினால் முன்னும் பின்னுமாகப் போகும், எழுதினால் ஒரு வழியாகப் போகும் என்பதால்தான்.

செடி விஷயம் சுலபம். அந்தப் படத்தில் இருப்பவை நம் வெயிலில் சித்திரை மாதத்தைப் பார்க்காது. அதற்குப் பதில் நம்மிடம் பன்னீர் ரோஜா இருக்கிறது. நித்தியகல்யாணி இருக்கிறது, உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் கோபித்துக்கொள்ளாது. வேலியில் ஏற்ற கொடிரோஸ், தரையில் படர டேபிள் ரோஸ், மழைக்காலத்துக்குக் காசித்தும்பை, மூலைக்கு அரளி. குழந்தைகள் இருக்கும் வீடானால் அரளியை விட்டுவிடுங்கள், அது விஷம். இதையெல்லாம் எந்த நர்சரியிலும் சொல்லிவிடுவார்கள். நர்சரியில் சொல்லித் தராதது, பிங்க் என்று ஒருவர் சொன்னால் அவர் எதைச் சொல்கிறார் என்பதுதான்.

ராணிப்பேட்டையில் ஒரு தம்பதி. புது வீட்டுக்குத் தோட்டம் வேண்டும், பிங்க் பூ வேண்டும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கணவர் மனதில் இருந்தது ராணி கலர், கல்யாண மண்டப வாசலில் கட்டும் துணி மாதிரி கண்ணைக் குத்தும் நிறம். மனைவி நினைத்தது வெங்காயத் தோல் நிறம். நான் இரண்டையும் கொண்டு போய் இறக்கினேன். என் எதிரிலேயே ஆரம்பித்த சண்டை, அவர் ஏன் அவளுடைய தங்கை கல்யாணத்துக்கு லேட்டாக வந்தார் என்பது வரை போய்விட்டது. செடிகளை மறுபடி வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு இருவரையும் பக்கத்து ஜவுளிக்கடைக்கு அழைத்துப் போனேன். புடவை அடுக்கைப் பிரித்துப் போடச் சொல்லி, இருவரும் ஒரே புடவையின் மேல் விரல் வைக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் புடவையை அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். அதன் ரவிக்கைத் துண்டை நான் வாங்கிக்கொண்டேன். அன்று முதல் மாதிரித் துண்டு இல்லாமல் நிற வேலை தொடங்குவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தேன்.

அந்த விதியை ஒரே ஒருவருக்காக மீறினேன். அவர்தான் தேவசகாயம் சார்.

சார் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதனிட்ட தோலுக்கு நிறம் ஏற்றும் பிரிவு அவருடையது. வெளிநாட்டிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு வரும். அதே நிறத்தில் முழுச் சரக்கும் போக வேண்டும். சார் ஜன்னலோரம் நின்று ஒரு பார்வை பார்ப்பாராம். "மஞ்சள் கம்மி, சிவப்பு ஒரு சொட்டு ஜாஸ்தி" என்பாராம். அதற்கு மேல் அங்கே யாரும் பேச மாட்டார்களாம். இதை எனக்கு மற்றவர்களும் சொன்னார்கள், அவரே நிறைய தடவை சொன்னார்.

மனைவி இறந்து பல வருடம். ஒரே மகள் வெளிநாட்டில். அறுபதைத் தாண்டிய பிறகு சாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண், வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற எஸ்தர் சிஸ்டர். தம்பிகளைப் படிக்க வைத்து, அம்மாவைக் கடைசி வரை பார்த்து, தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளாதவர். இருவரும் சந்தித்தது வேலூரில் ஒரு சர்ச்சில், அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த காய்கறிகளின் ஏலத்தில். ஒரு பூசணிக்காய்க்கு இருவரும் விடாமல் ஏலம் கேட்டிருக்கிறார்கள். சிஸ்டர் ஜெயித்தார். தோற்றவரிடம் போய், "எனக்கு இவ்ளோ பெரிய காய் வேணாம், பாதி எடுத்துக்குங்க" என்றார். அன்று அவர் கட்டியிருந்தது பிங்க் புடவை என்று சார் சொன்னார். அதே பிங்க்கில் தோட்டம் வேண்டும். பொங்கல் கழிந்து சர்ச்சில் கல்யாணம். முடிந்ததும் ஆம்பூர் வீட்டின் பின்பக்கத்தில் எல்லோருக்கும் டீ. அதுவரை சிஸ்டர் அதைப் பார்க்கக் கூடாது.

புடவை மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்ற மாட்டார். நல்ல ஸ்டைலான மனிதர் என்றுதான் நானும் நினைத்தேன்.

"ஷேடு மனசுல இருக்கு மேடம். எனக்கு சேம்பிள் வேணாம்."

தொழில்காரர் தொழில்காரரிடம் சொல்கிற தொனியில் அதைச் சொன்னார். நான் அடங்கிப் போனேன்.

பூ பார்க்க என் நர்சரிக்கு வந்தார். முதலில் இளம் பிங்க் ரோஜாவைக் காட்டினேன். அந்த வருடம் ஓசூரிலிருந்து வந்ததில் அதுதான் அழகு. தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆரஞ்சு அடிக்கிறது என்று வைத்துவிட்டார். நித்தியகல்யாணியில் மஞ்சள் கலந்திருக்கிறது என்றார். பிங்க் இட்லிப்பூவைச் செங்கல் என்றார். கொடிரோஸைப் பார்த்து, மீனுக்குள் இருக்கும் நிறம் மாதிரி இருக்கிறது, இதைக் கல்யாணத்துக்கு வைப்பார்களா என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. எனக்குத் தெரிந்த பிங்க் எல்லாவற்றிலும் எனக்குத் தெரியாத மஞ்சள் ஒன்று அவருக்குத் தெரிந்தது. தோல் ஷாப்பில் பழகிய கண். நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும் போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

வெளியே போகும் வழியில் நின்றார். பூக்காரர்களுக்காக நான் போட்டிருந்த வாடாமல்லிப் பாத்தி அங்கே இருந்தது.

"இதான் பிங்க். இத்த எதுக்கு ஒளிச்சி வெச்சிருக்கீங்க?"

சார், இது வாடாமல்லி கலர், ஊதா சேர்ந்தது என்றேன். நிறத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆளிடம் மாட்டிக்கொண்டோம் என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு வேகமாகத் தேர்ந்தெடுத்தார். வாடாமல்லி, ஊதா டிசம்பர் பூ, ஊதா காகிதப்பூ, நடுநடுவே ஊதா பெட்டுனியா. அவர் போன பிறகு என்னோடு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வி, "மேடம், கல்யாணம் பிங்க்கா, ஊதாவா?" என்று கேட்டாள். அவர் தோட்டம், அவர் பிங்க் என்றேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

இப்படி மனம் ஒப்பாதபோது என்ன செய்வது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்துப் பேசவும் வேண்டாம், சொன்னபடி நட்டுவிடவும் வேண்டாம். தொட்டியோடு குழியில் இறக்கி, விளிம்பு தெரியாமல் மண்ணை மூடிவிடுங்கள். பார்ப்பவருக்கு நட்ட மாதிரி இருக்கும். மாற்ற வேண்டி வந்தால் வேர் அறுபடாமல் தூக்கி வைக்கலாம். செல்வியிடம் எல்லாவற்றையும் அப்படியே இறக்கச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்டதற்கு எனக்கே பதில் தெரியவில்லை.

பதில் பெயிண்டர் மூலமாக வந்தது. பாஷா பாய் என்று ஒருவர், வேலையில் சுத்தம், பேச்சில் அதைவிடச் சுத்தம். பின்வாசலில் கொடி ஏற்ற இரும்பு வளைவு ஒன்று வைத்திருந்தோம். அதற்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருந்தது. அடித்தார். சார் வந்து பார்த்துவிட்டு, வெள்ளை கேட்டால் பழுப்பு அடித்திருக்கிறாயே என்றார். பாய் புது டப்பா வாங்கி மறுபடி அடித்தார். இன்னும் மஞ்சள் இருக்கிறது என்றார் சார். பாய் டப்பாவைத் திறந்து காட்டினார். டப்பாவில் இருப்பதே மஞ்சள், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார் சார். கடைசியில் பாய் பெயிண்டில் கொஞ்சம் கொஞ்சமாக நீலத்தைக் கலக்க ஆரம்பித்தார். கலக்கக் கலக்கச் சாருக்குத் திருப்தி கூடியது. ஒரு நாள் சார், இப்போதுதான் வெள்ளை, கையை எடு என்றார்.

நான் போய்ப் பார்த்தபோது வளைவு வானத்தின் நிறத்தில் நின்றது. ஓரமாக உட்கார்ந்திருந்த பாய் எழுந்து வந்தார்.

"மேடம், நா இன்னா பண்றது? வெள்ளைன்னா வெள்ளை இல்லன்றாரு, நீலத்தப் பாத்து வெள்ளைன்றாரு. ஒரே பேஜாரா கீது. எனுக்கே எது வெள்ளைன்னு டவுட் வந்துட்ச்சி."

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. அதற்கு முந்தைய வருடம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று சமையலறையைப் பார்த்துத் திகைத்துப் போனேன். பழுப்பேறிவிட்டது, மாற்ற வேண்டும் என்று வருடக்கணக்கில் நான் புலம்பிக்கொண்டிருந்த டைல்ஸ் பளீரென்று வெள்ளையாக இருந்தது. பழுப்பு டைல்ஸில் இல்லை, என் கண்ணில் இருந்தது. புரை விழுந்த கண் எல்லாவற்றையும் மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்க்கிறது. இளம் பிங்க் ஆரஞ்சாகத் தெரியும். ஊதாவில் நீலம் அடங்கிப் பிங்க்காகத் தெரியும். சார் பிடிவாதக்காரர் இல்லை. அவர் தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது என்ன செய்வது? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லை. தோட்டம் என் பொறுப்பு, கண் என் பொறுப்பு இல்லை. ஆனால் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் தினமும் பெங்களூர் சாலையில், லாரிகளுக்கு நடுவில், தானே கார் ஓட்டி வேலூருக்குப் போய் சிஸ்டரைப் பார்த்துவிட்டு வருகிறார். செடி தப்பானால் மாற்றலாம்.

பாயையும் செல்வியையும் டீ குடிக்க அனுப்பிவிட்டுச் சாரை வளைவுக்குக் கீழே நிறுத்திக் கேட்டேன். இது என்ன கலர் சார்? வெள்ளை என்றார். சார், இது நீலம் என்றேன். ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் நீலம் என்றுதான் சொல்லும் என்றேன். என் சமையலறைக் கதையையும் சொன்னேன்.

அவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும் மேடம். ஒரு வருஷமா பேப்பர் படிக்க முடியல. இவ்ளோ மோசம்னு தெரியாது."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். கல்யாணப் பேச்சு எழுந்ததும் சொந்தக்காரர்களில் சிலர் சிரித்தார்களாம். வயதான காலத்தில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதற்குத்தான் கிழவன் நர்ஸாகப் பார்த்துப் பிடித்திருக்கிறான் என்று சர்ச் வாசலிலேயே பேசினார்களாம். அது சிஸ்டர் காதிலும் விழுந்திருக்கும். இந்த நேரத்தில் போய், எனக்குக் கண் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? கல்யாணம் முடிந்து நாலு மாதம் போகட்டும், அப்புறம் செய்துகொள்கிறேன், நீங்கள் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டார்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். நான் வாயைத் திறக்க மாட்டேன், ஆனால் நீங்கள் கார் சாவியைத் தொடக் கூடாது. வேலூருக்குப் போக வேண்டுமானால் என் செடி ஏற்றும் வண்டியில் போக வேண்டும். குட்டி யானை என்று நாம் சொல்லும் அந்தச் சின்ன லோடு வண்டியின் நடமாட்டத்துக்கா பஞ்சம்? தினம் போய்த்தான் வருகிறது. அவர் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் ஒரு ரோஜாத் தொட்டியை வைத்துக்கொண்டு பெண் பார்க்கப் போனார். சிஸ்டர் கேட்டால் கார் சர்வீஸில் இருக்கிறது என்று சொல்வதாக ஏற்பாடு.

சிஸ்டர் கேட்கவில்லை. நேராக பஸ் ஏறி ஆம்பூருக்கு வந்துவிட்டார்.

நாங்கள் பாத்தியில் இருந்தபோது பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். ஒல்லியான உருவம், கையில் குடை. அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. சாரின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் யாரென்று புரிந்துகொண்டேன். சார் தடுமாறி, இது கல்யாணத்துக்கு முன்னால் பார்க்கக் கூடாதது என்றார். வந்தாகிவிட்டது, காட்டுங்கள் என்றார் சிஸ்டர்.

சார் ஒவ்வொன்றாகக் காட்டினார். இதோ வெள்ளை வளைவு என்றார். இதோ நீ அன்று கட்டியிருந்த புடவையின் பிங்க் என்று வாடாமல்லிப் பாத்தியைக் காட்டினார். சிஸ்டர் கேட்டுக்கொண்டே நடந்தார். வளைவை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது போலத்தான் இருந்தது. பிறகு சார் பக்கம் திரும்பி, அவர் கண்ணாடியைத் தானே கழற்றினார்.

"ரெண்டு கண்ணுமா? ஒண்ணு மட்டுமா?"

சார் உடனே என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். சிஸ்டர் அதையும் கவனித்துவிட்டார்.

"அவங்கள எதுக்கு மொறைக்கறீங்க? ரிட்டயர் ஆவற வரைக்கும் கண் வார்டுல இருந்தவ நான். இந்த வளைவ வெள்ளைன்னு சொல்றவருக்கு இன்னான்னு எனக்குத் தெரியாதா?"

சார் தலையைக் குனிந்துகொண்டு, சொந்தக்காரர்கள் பேசிய பேச்சைச் சொன்னார். நான் நகர்ந்துவிடப் பார்த்தேன். இருங்கள் என்று சிஸ்டர் கையைக் காட்டினார். சாட்சி வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"நானும்தான் கேட்டேன். பேசட்டும். ஆனா நான் உங்கள பாத்துக்கறதுக்கு ஒண்ணும் வரல. டியூட்டி எல்லாம் பாத்து முடிச்சாச்சு. ஒருத்தர் கார் ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து ஊர் சுத்தணும்னு வர்றேன். கண்ணு இல்லாம எப்டி ஓட்டுவீங்க?"

ஆபரேஷன் முதலில், கல்யாணம் பிறகு என்று முடிவாகச் சொன்னார். சர்ச்சில் கல்யாண அறிவிப்பு வாசித்தாகிவிட்டது, தேதியை மாற்ற முடியாது என்றார் சார். அப்படியானால் ஒரு கண் இப்போதே, இன்னொரு கண் கல்யாணத்துக்கு அப்புறம் என்றார் சிஸ்டர். சார் பேரம் பேசப் பார்த்தார். பூசணிக்காய் ஏலத்தில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆபரேஷன் ஆன அன்று மாலை சிஸ்டர் எனக்குப் போன் செய்தார். சிகிச்சை நன்றாக நடந்தது, மறுநாள் காலையில் கட்டைப் பிரிப்பார்கள் என்றார். கடைசியில், நாளைக்கு நீங்கள் போய்க் கூட்டிவர முடியுமா என்று கேட்டார். அத்தனை வருடம் அதே வேலையைப் பார்த்தவர், எத்தனையோ பேருக்குக் கட்டுப் பிரித்தபோது பக்கத்தில் நின்றவர், தன் மனிதருக்குப் பிரிக்கும்போது வரமாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"அவரு என்னை ஒழுங்கா பாத்ததே இல்ல விமலா. மஞ்சளா, மங்கலாதான் பாத்திருக்காரு. அதுலதான் புடிச்சிருக்கு. நாளைக்கு நல்லா தெரியும் பாருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போனை வைக்கவில்லை. ஆறுதல் சொல்வது என் வேலை இல்லை, எனக்கு வரவும் வராது. எனக்குத் தெரிந்தது நிறம்தான். அதனால், அந்த ஏலத்தன்று கட்டியிருந்த புடவையைக் கட்டிக்கொண்டு வாருங்கள், எனக்கு மாதிரி வேண்டும், தோட்ட வேலை நிற்கிறது என்றேன். தொழில் காரணம் ஒன்று கிடைத்ததும் அவர் தைரியமானார். சரி, உங்களுக்காக வருகிறேன் என்றார்.

மறுநாள் வந்தார். ஆஸ்பத்திரி நடைவழியில் அவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவை பிங்க்கே இல்லை. அசல் வாடாமல்லி. இந்த மனிதர் மஞ்சள் கண்ணால் புடவையைப் பார்த்தார், அதே மஞ்சள் கண்ணால் பூவைப் பார்த்தார், இரண்டையும் அச்சுப் பிசகாமல் பொருத்தியிருக்கிறார். பெயரைத்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறார்.

உள்ளே சார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டைப் பிரித்துச் சொட்டு மருந்து போட்டு, கண்ணீரைத் துடைத்துவிட்டார்கள். சிஸ்டர் கதவோரமே நின்றுவிட்டார். சார் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். சிஸ்டர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா, காலைல சாப்டலியா? மொகம் இவ்ளோ வாடிக் கெடக்கு."

சிஸ்டர் இல்லை என்று தலையசைத்தார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. சார் அதற்குள் புடவைக்கு வந்துவிட்டார். ஒரு கண்ணை மூடினார், திறந்தார். மற்ற கண்ணை மூடினார், திறந்தார். இது பிங்க் இல்லை, வாடாமல்லி என்றார். அப்படியானால் தோட்டத்தில் வைத்த ஷேடு சரிதான் என்றார். ஆமாம் சார், ஷேடு சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். அந்தப் படுக்கையில் இருந்தபடியே அவர் என்னைப் பார்த்த பார்வையில், தொழிற்சாலை ஜன்னலோரம் எப்படி நின்றிருப்பார் என்று தெரிந்தது.

பிறகு நடந்தது வேடிக்கை. சார் ஒரு கண் புதிது, ஒரு கண் பழையது என்று தோட்டத்துக்கு வந்தார். புதுக் கண்ணால் என் இளம் பிங்க் ரோஜாவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகானதை ஏன் முதலிலேயே காட்டவில்லை என்று கோபித்துக்கொண்டார். பழைய கண்ணுக்கு மாறி, சரி சரி, காட்டினீர்கள் என்றார். தொட்டிகளை மண்ணோடு மூடி வைத்திருந்தோம் அல்லவா, அதனால் ஒரே நாளில் தூக்கி மாற்றினோம். வாடாமல்லியை எடுக்கவில்லை. அதன் பக்கத்தில் இளம் பிங்க் ரோஜா, முன்னால் வெள்ளை நித்தியகல்யாணி, வளைவில் கொடிரோஸ். வைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் எனக்கே ஒன்று புரிந்தது. பிங்க் மட்டும் வைத்தால் சாமியானாப் பந்தல் மாதிரி இருக்கும். பக்கத்தில் ஆழமான ஊதா ஒன்று நின்றால்தான் இளம் பிங்க் தன் அழகைக் காட்டும். நானாக என்றால் ஊதாவை ஒருபோதும் அங்கே வைத்திருக்க மாட்டேன். வளைவையும் அப்படியே விட்டுவிட்டோம். நீலத்தின் மேல் பிங்க் கொடி அப்படிப் பொருந்தும் என்று பாஷா பாய்கூட எதிர்பார்க்கவில்லை. கல்யாணத்தன்று வந்தவர்களெல்லாம் அந்த நீலத்தை யார் யோசித்தது என்று கேட்டார்கள். பாய் இன்னொரு டீ எடுத்துக்கொண்டார்.

ஆகவே பிள்ளைகளே, பிங்க் கேட்டு வருபவரிடம் மாதிரித் துண்டு வாங்குங்கள். மாதிரி தர மறுப்பவரை மடக்காதீர்கள். அவருக்கு எது வெள்ளையாகத் தெரிகிறது என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் தொட்டியோடு இறக்குங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். வாசலில் கார் கழுவி நின்றது. ஒடுகத்தூர் மலைப் பக்கம் போய்விட்டு வந்தார்களாம். பின்பக்கம் போய்ப் பார்த்தால் ரோஜாப் பாத்தியில் பாதியைக் காணோம். அந்த இடத்தில் இலவம்பாடி முள்ளுக்கத்திரி வரிசையாக நின்றது. நான் பார்த்துப் பார்த்து வைத்த பாத்தி. சாரிடம் கேட்டேன். அவர் இரண்டு புதுக் கண்ணாலும் கத்திரிப்பூவைக் காட்டி, என்ன ஒரு ஷேடு பாருங்கள் மேடம், இளம் ஊதா, நடுவில் மஞ்சள், இதை எந்தத் தொழிற்சாலையிலும் கொண்டுவர முடியாது என்று விளக்கினார். பிடுங்கியது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

சிஸ்டர் சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ரோஜாவ தொட்டுக்கினு பிரியாணி சாப்ட முடியுமா விமலா? உள்ள வாங்க, எல போட்டாச்சு, உக்காருங்க. கத்திரிக்காய் ரெடி."

ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது? கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.